ஓட்டை மூடி

"பால் பொங்காம இருக்க மூடியில ஓட்டை போடலாம்னு சமையல் தெரிஞ்ச யாருக்கும் தோணுமே! இதுல புதுசா என்ன இருக்கு?" என்றார் காப்புரிமை அதிகாரி.

மனு போட்டிருந்த மூடிக்காரர் மூடியைத் தூக்கிக் காட்டினார். தெருவில் அவருக்கு அந்தப் பெயர் வந்ததே இந்த மூடியால்தான். நடுவில் பள்ளம், பள்ளத்தில் ஓட்டைகள். பொங்கும் பால் மேலே வந்து, பள்ளத்தில் தேங்கி, மறுபடி பாத்திரத்துக்கே இறங்கிவிடும். இதற்காகப் பார்த்த வேலையையும் விட்டவர். இன்று மறுத்துவிட்டால் அத்தோடு சரி.

வக்கீல் காதைக் கடித்தார். "தொழில் தெரிஞ்சவங்களே இது வேலை செய்யாதுன்னு அடிச்சுச் சொன்னாங்கன்னு காட்டணும் சார். அப்பத்தான் எல்லாருக்கும் தோணுற விஷயம் இல்லைன்னு ஆகும். அப்படி யாராவது கேலி பண்ணாங்களா?"

"அதுக்கா பஞ்சம்? ரெண்டு பேர் வெளியிலயே உக்காந்திருக்காங்க."

முதலில் மச்சான் வந்தார். பாத்திரக்கடைக்காரர். இந்த மூடியைச் சொல்லிச் சொல்லியே சொந்தக்காரர்கள் நடுவில் மானத்தை வாங்கியவர்.

"முதல்ல பாத்தப்ப என்ன நெனச்சீங்க?" என்றார் வக்கீல்.

மச்சான் பாசத்தோடு திரும்பிப் பார்த்தார். "அசந்துட்டேன் சார். இது வேலை செய்யும்னு பச்சக் குழந்தைக்குக்கூடத் தெரியும்!"

அதிகாரி குறித்துக்கொண்டார். வக்கீல் கண்ணை மூடிக்கொண்டார்.

மிச்சம் இருந்தது மனைவி. பெரிய கேன்டீனில் தலைமைச் சமையல்காரர். அவர் திட்டினால் மதிப்பு உண்டு. மூடிக்காரர் பார்வையாலேயே கெஞ்சினார்: திட்டு, தாயே!

"நல்ல மூடிங்க. எனக்கே தோணியிருக்கும், அவரு முந்திக்கிட்டாரு" என்றார் மனைவி.

கல்யாணமானதிலிருந்து அவர் புகழ்ந்தது இதுதான் முதல் தடவை. மூடிக்காரருக்கு அதற்காகச் சந்தோஷப்படக்கூட முடியவில்லை. அழுகைதான் வந்தது. மனைவியை மூலைக்கு இழுத்துப் போனார்.

"ஏம்மா, வீட்டுல சொன்னதை அப்படியே சொல்ல வேண்டியதுதானே?"

"நாலு பேர் முன்னாடி உங்களை விட்டுக்குடுக்கச் சொல்றீங்களா?" அவர் குரல் உயர்ந்தது. "மூடின்னா மூடணும், ஓட்டை போட்டா பால் அடுப்புலதான் ஊத்தும்னு சத்தியமே பண்ணினவ நான். நீங்க காய்ச்சிக் காட்டின பிறகுதான் நம்பினேன். அந்த அசட்டுத்தனத்தை இங்க வந்து சொல்லுவேனா?"

அதிகாரி மறுப்பு உத்தரவில் கையெழுத்துப் போடப் பேனாவைத் திறந்தார்.

அதே மூலையில் மேஜை போட்டுச் சாட்சியங்களைத் தட்டச்சு செய்துகொண்டிருந்த அம்மாள் தலையைத் தூக்கினார்.

"ஐயா, ஒரு நிமிஷம். சாட்சி இன்னும் பேசி முடிக்கலை. கடைசியா சொன்னது வரைக்கும் அடிச்சுட்டேன், படிக்கட்டுமா?"