மூழ்காக் கட்டைமேல் படையெடுத்த படலம்

வாழ்க, பல்லாயிரம் வாய்களைத் திறக்கச் செய்த பெருந்தகை! வாழ்க, கடைவாய்ப் பற்களின் காலன், ஈறுகளின் காவலன், சொத்தையெனும் பகையைத் துளைத்துத் தூர்த்த துளைகருவிச் செல்வன்! சுழலும் முக்காலியே அரியணையாக, வெள்ளை மேலங்கியே கவசமாக, எதிரே சாய்ந்து கிடப்பவர் எத்துணைப் பெரிய மனிதராயினும் மறுமொழி சொல்ல வழியின்றி வாயைப் பிளந்து கிடக்க, நாளெல்லாம் தாம் ஒருவராகவே பேசி ஆண்ட பல் மருத்துவரின் போர்ப்புகழைப் பாடப் புகுகின்றோம். குற்றமிருப்பின் பொறுத்தருள்க. வலித்தால் கையைத் தூக்குக.

அத்தகைய வேந்தர்க்கும் வீடென்று ஒன்று இருந்தது. அங்கே எல்லார் வாயும் அவரவர் வசம் இருந்தது.

அவ்வீட்டுக் கூடத்தில், செருப்பு அலமாரியை ஒட்டி, கண்ணாடி மதில் நான்கு சூழ்ந்த நீர்நாடு ஒன்று விளங்கிற்று. மகள் கேட்டாள் என்று வாங்கிய மீன்தொட்டி அது. மகளின் ஆசையோ ஊற்றிய தண்ணீர் தெளிவதற்குள் தீர்ந்துபோயிற்று. ஆட்சிப் பொறுப்பு தந்தையின் தலையில் விழுந்து, நாளடைவில் தலைக்கும் ஏறியது. கூழாங்கல் தரை, குமிழி விடும் குழாய் ஒன்று, செந்நிற மீன்கள் சில. இவ்வளவே அந்நாட்டு வளம். அதன் முன் அமர்ந்து அவர் அடையும் இறுமாப்போ ஏழு நாடு வென்றவர்க்கும் வாய்க்காதது.

அந்த இறுமாப்பின்மேல் இடி இறங்கிய நாளும் வந்தது. மனைவியின் தம்பி, வாகன விற்பனையாளர், வாய்ச்சொல்லாலேயே வண்டியை மலையேற்றும் வல்லவர், சோபாவில் சாய்ந்தபடி தொட்டியை ஒரு பார்வை பார்த்தார்.

“என்ன அத்தான், மீனெல்லாம் உங்க கிளினிக் வெயிட்டிங் ரூம்ல உக்காந்திருக்கற மாதிரியே முழிக்குது?”

மனைவி சிரித்தாள். அது போகட்டும். மகளும் சிரித்தாள். அதுவும் போனிலிருந்து தலையைத் தூக்கிச் சிரித்தாள். தந்தை தம் வாழ்நாளில் உதிர்த்த எந்த நகைச்சுவைக்கும் கிட்டாத பேறு அது.

அக்கணமே நம் தலைவர் நெஞ்சுக்குள் வஞ்சினம் உரைத்தார்: “இந்நீர்நாட்டின் நடுவே அடவியொன்று எழுப்புவேன். ஆற்று வெள்ளம் அடித்துவந்த அசல் மரத்தை நிறுத்துவேன். கண்டவர் வாய் பிளப்பர். பிளந்த வாயை நான் மூடச் சொல்லேன்.”

ஆறும் அவர் பக்கம் நின்றது. வெள்ளம் வடிந்த கரையில், காலை நடையின்போது, அக்கட்டை அவர் கண்ணில் பட்டது. மான்கொம்பெனக் கிளைத்து, களிற்றின் துதிக்கையென வளைந்து, அடியிலே உலக்கைப் பூணென இறுகிய வேர்முண்டோடு கிடந்த அதனை, பகைநாட்டு இளவரசியைத் தேரேற்றும் வீரனைப்போல் காரின் பின்னிருக்கையில் ஏற்றினார். இருக்கையில் படிந்த சேற்றுக்கு வீட்டில் என்ன விடை சொல்வதென்று அப்போது அவர் எண்ணவில்லை. வீரர்கள் எண்ணுவதில்லை, பிறகு எண்ணுவார்கள்.

முதற்போர் பால்கனியில் நிகழ்ந்தது. மட்கிய பட்டையை எதிர்த்து, கிளினிக்கில் தேய்ந்து ஓய்ந்த, பற்காரை சுரண்டும் கொக்கிகள் அணிவகுத்தன. இடுக்கு இடுக்காகச் சுரண்டினார். பொந்து பொந்தாகப் பிரஷ் விட்டுத் தேய்த்தார். மண் அடைத்த ஓட்டை ஒன்றினுள் டார்ச் அடித்து, தம்மை மறந்து, “இன்னும் கொஞ்சம் பெருசாத் திறங்க” என்றார். துணி உலர்த்த வந்த மகள் அதைக் கேட்டாள். ஈரத்துணியோடு திரும்பிப் போனாள்.

இரண்டாம் போர் அடுக்களையில். கிருமியும் புழுவும் மாள, மரத்தின் சாயம் கழல, கட்டையைக் கொதிக்க வைத்தல் வேண்டும். வீட்டிலேயே பெரிய பாத்திரம் அடுப்பேறியது. பாதிக் கட்டை உள்ளே, பாதி வெளியே. கீழ்ப்பாதி வெந்ததும் தலைகீழாக்கி மேற்பாதியை வேகவைத்தார். நீர் கறுத்தது, நனைந்த நாயின் நாற்றம் நான்கு அறைகளிலும் கொடியேற்றியது. மூக்கைப் பொத்தியபடி எட்டிப் பார்த்தாள் இல்லத்தரசி.

“ராத்திரிக்கு இதுதான் சூப்பா?”

தலைவர் கரண்டியால் கட்டையை அமுக்கினார். மேன்மக்கள் களத்தில் வீண்வார்த்தை பேசார். தவிர, வேறு பாத்திரமும் இல்லை.

மூன்றாவதாக மூண்டதே பெரும்போர். வெந்த கட்டை நீரூறிக் கனத்து, தானே அடியில் தங்கவேண்டும், அதுவே விதி. ஆதலின் வீட்டின் ஒரே குளியலறையில், ஒரே நீல டிரம்மில், அதனை இறக்கினார். மிதந்தது. அமுக்கினார்; கை விட்டதும் மேலே வந்தது. செங்கல் ஏற்றினார், செங்கல்லைச் சரித்துவிட்டு மேலே வந்தது. இஸ்திரிப் பெட்டியை ஏற்றினார். இறுதியில், கல்லூரிக் காலத்துப் பல் மருத்துவப் பெருநூல்களைப் பிளாஸ்டிக் பையில் சுற்றிக் கட்டி ஏற்றியபின்னரே கட்டை பணிந்தது. அத்துணைக் கல்வியின் பாரம் அன்றுதான் ஒரு பொருளை அசையாமல் நிறுத்தியது.

நாள்தோறும் நீர் தேநீர் நிறமாயிற்று. நாள்தோறும் வடித்து மாற்றினார். சாயம் வற்றவில்லை, வற்றியது வீட்டாரின் பொறுமை. ஒரு காலை, துண்டைத் தோளில் போட்டவண்ணம், இல்லத்தரசி குளியலறை வாயிலில் நின்று முரசறைந்தாள்:

“குளிக்கணும்னா கட்டைகிட்ட பர்மிஷன் கேக்கணுமா? ஒண்ணு அது இருக்கட்டும், இல்ல நாங்க இருக்கோம்.”

“அரசியே, களத்தில் வைத்த காலைப் பின்வாங்குதல் என் குடிக்கு வழக்கமன்று!” என்று தலைவரின் உள்ளம் முழங்கிற்று. வாய் மட்டும், “இன்னும் கொஞ்சம் ஊறட்டுமே” என்றது.

தாயும் மகளும் அடுத்த தெருவிலிருந்த பெரியம்மா வீட்டுக்குக் குளிக்க மட்டும் போனார்கள். பிறகு குளித்த கையோடு அங்கேயே சாப்பிட்டார்கள். பிறகு சாப்பிட்ட களைப்பில் அங்கேயே படுத்தார்கள். ஆர்ப்பாட்டம் ஏதுமின்றி, துண்டு துண்டாக, வீடு காலியாயிற்று.

முக்காலியைக் குளியலறைக்குள் இழுத்துப்போட்டு, டிரம்மின் முன் அமர்ந்தார் தலைவர். மைத்துனரின் திமிர், மகளின் பாராமுகம், ஊரார் பற்களின் நன்றியின்மை என எல்லாவற்றையும் கட்டையிடம் கொட்டித் தீர்த்தார். கட்டை இடைமறிக்கவில்லை. வாயில் கருவி செருகிய மனிதர்கள் பேசாதிருப்பதை அவர் இத்தனை காலமும் மரியாதை என்றே நம்பியிருந்தார். வாயே இல்லாத ஒன்று பேசாதிருந்தபோதோ, நம்பிக்கை சற்றே ஆட்டம் கண்டது. எழுந்து போய் ரொட்டியும் ஜாமும் தின்றுவிட்டு வந்தார்.

பின்னொரு காலை, நீர் மாற்றப் பாரங்களை இறக்கினார். கட்டை அசையவில்லை. தட்டினார், அசையவில்லை. வேர்முண்டு அடியில் ஊன்றி, கொம்புகள் மேல்நோக்கி, தோற்ற மன்னன் திறை செலுத்த நிற்பதுபோல் நின்றது. ஈரக்கையோடு போனை எடுத்தார்.

“முழுகிடுச்சு.”

“என்னங்க முழுகிடுச்சு? வீடா?”

“கட்டை.”

“சரி. தம்பி சாயங்காலம் வர்றான். நாங்களும் கூட வர்றோம். பாத்ரூமைக் கழுவி வைங்க.”

வெற்றிமுரசு நெஞ்சில் அதிர, குளியலறையைக் கழுவி, சாயம் படிந்த டிரம்மைத் தேய்த்துக் கவிழ்த்து, பகைவர் வரும் வேளை நெருங்க, கட்டையை இருகையில் ஏந்திக் கூடத்துக்கு எழுந்தருளினார். நீர்நாட்டின் மேல் நீட்டினார். நீண்டே நின்றது. குறுக்கே வைத்தார், சாய்த்து வைத்தார், திருப்பி வைத்தார். எப்படி வைத்தாலும் கட்டை தொட்டியைவிட ஒரு சாண் நீளம். பிறர் பல்லுக்கு மயிரிழை பிசகாமல் அளவெடுக்கும் அப்பெருந்தகை, கட்டையை அளக்கவேயில்லை.

கலங்கினாரா? இல்லை, ரம்பம் எடுத்தார். மான்கொம்பை அறுக்க மனம் வரவில்லை. அடியிலே அழகற்றுக் கிடந்த வேர்முண்டை அறுத்தெறிந்தார். கட்டையை மூழ்கவைத்த கனமெல்லாம் அம்முண்டில்தான் இருந்தது என்பதை உலகம் அறியும், அவர் அறியார். மிஞ்சியதைத் தொட்டிக்குள் இறக்கி, முழங்கை நனைய அமுக்கி, கூழாங்கற்களிடையே ஊன்றினார். மீன்கள் மூலைக்கு ஓடி ஒண்டின. அந்நேரம் கதவு திறந்தது.

மனைவி, மகள், மைத்துனர் மூவரும் உள்ளே வந்தனர். காத்திருந்த கணம் கனிந்ததென, நம் தலைவர் கையை எடுத்து, நெஞ்சை நிமிர்த்தி, அவர்கள் பக்கம் திரும்பினார். அவர் முதுகுக்குப் பின்னால், எந்த அவசரமும் இன்றி, கட்டை மேலே வந்தது. ஒருபக்கம் சாய்ந்து, கொம்பு ஒன்றைக் காற்றில் நீட்டி, குமிழிகளின் மேல் மெல்ல ஆடிற்று.

மைத்துனர் குனிந்து, விரலால் அதை ஒரு தட்டு தட்டினார்.

“சூப்பர் அத்தான். அசல் மரம் மாதிரியே இருக்கு. மிதக்குதே, பிளாஸ்டிக்கா?”

ஆற்றங்கரையும் அடுப்பும் கொக்கிகளும் பெருநூல்களும், தனியே தின்ற ரொட்டிகளும், வடித்துக் கொட்டிய செந்நீர்ப் பெருக்கும் யாவும் ஒருங்கே திரண்டு, மடை உடைக்கும் வெள்ளமென நம் தலைவரின் தொண்டைக்குழி வரை எழுந்து, அண்டம் அதிர ஒரு பெருமொழியாய் வெடிக்கும் தறுவாயில், மகள் போனிலிருந்து தலையைத் தூக்கி அப்பாவையே பார்த்தாள்.

“ஆமா, பிளாஸ்டிக்தான்” என்று சொல்லிவிட்டுப் பல் டாக்டர் கை கழுவப் போனார்.