மீட்டர் மாமா ஒத்துக்கொள்ளாத எண்

மலேசியாவின் பேராக் மாநிலத்திலேயே அதிகமான நாய்களிடம் கடிபட்டவர் மீட்டர் மாமாதான். அதிகமான மனிதர்களைக் கடித்தவரும் அவரேதான். முதலாவது அவருக்குத் தொழிலால் வந்தது. இரண்டாவது அவருடைய பொழுதுபோக்கு.

கரண்ட் ஆபீஸில் வீடு வீடாகப் போய் மீட்டர் படிக்கிற வேலையிலிருந்து ஓய்வுபெற்று, ஈப்போவில் எங்கள் தாமான் குடியிருப்பின் கடைசி வீட்டில் தனியாக இருந்தார். அவருடைய சொந்தப் பெயர் எங்கள் வரிசையில் யாருக்கும் தெரியாது. தபால்காரர்கூட "மீட்டர் அண்ணே!" என்றுதான் கூப்பிடுவார்.

அந்த வேலையில் ஒரு சலுகை உண்டு. கேட் பூட்டியிருந்து, உள்ளே நாயும் இருந்தால், 'கேட் பூட்டு' என்று குறித்துவிட்டுப் போய்விடலாம். ஆபீஸில் போன மாதத்தைப் பார்த்துக் குத்துமதிப்பாக ஒரு பில் போட்டுவிடுவார்கள். வெயில் ஏறிய நேரங்களில் மற்ற மீட்டர்காரர்களுக்கு ஈப்போவில் பாதி வீடுகள் பூட்டித்தான் இருந்தன. அவர்கள் டீக்கடையில் தே தாரிக் குடித்துக்கொண்டே பூட்டினார்கள். மீட்டர் மாமா மட்டும் பக்கத்து வீட்டுக் கொய்யா மரத்தில் ஏறி, மதிலுக்கு மேலே கழுத்தை நீட்டி, நாயோடு பேச்சுவார்த்தை நடத்தி, எண்ணைப் படித்துவிட்டுத்தான் இறங்குவார். நாய் சமாதானத்துக்கு ஒத்துக்கொள்ளாத நாட்களில் நேராக ஆஸ்பத்திரி.

'குத்துமதிப்பு' என்பதுதான் அவர் அகராதியில் மகா கெட்ட வார்த்தை.

ஓய்வுபெற்ற பிறகு படிக்க மீட்டர் இல்லை. மனிதர்களைப் படிக்க ஆரம்பித்தார். "கோயில்ல நேத்து ஆயிரம் பேரு இருக்கும்" என்று யாராவது சொன்னால் போதும். "எண்ணுனியா?" என்பார். என் அப்பா ஒருநாள், "காய்ச்சல் மாதிரி இருக்கு மாமா" என்று வாசலில் முனகினார். "மாதிரின்னா என்னலா அர்த்தம்? வாய்ல வச்சுப் பாத்தியா?" என்று கேட்டு, வீட்டுக்குப் போய்த் தெர்மாமீட்டரோடு திரும்பி வந்தார். காய்ச்சல் இல்லை. அப்பா வேலைக்குப் போக வேண்டியதாயிற்று.

இப்படிப்பட்டவரிடம் போய் நான் மாட்டிக்கொண்டது 'ஏறக்குறைய' என்ற ஒரு சொல்லால்.

எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடத்தை முழுதாக முடித்த முதல் ஆள் நான். பட்டம் வாங்கிய முதல் ஆளும் நான்தான். இதை அடக்கமாகச் சொல்ல எனக்கு வராது; அதனால் அப்படியே சொல்லிவிடுகிறேன். அப்போது பட்டம் வாங்கிய சூட்டில், ஈப்போவில் ஒரு கணக்காய்வு அலுவலகத்தில் சேர்ந்திருந்தேன். நாங்கள் பிழைத்த ரப்பர் தோட்டம் அதற்குள் செம்பனை எண்ணெய்த் தோட்டமாகிவிட்டது. லயத்து வீடுகள் போய், சனங்கள் திசைக்கொன்றாகச் சிதறிவிட்டார்கள். அம்மன் கோயில் மட்டும் செம்பனைக்கு நடுவில் நின்றது. அந்தக் கோயிலின் தலைவர், லாரி வைத்துத் தொழில் செய்கிறவர், ஒருநாள் எங்கள் வீட்டுக்கு வந்தார்.

"நம்ம தோட்டத்துலேருந்து சயாமுக்குப் போனவங்களுக்கு ஒரு கல் வைக்கப்போறோம்மா. எழுத்து நீதான் எழுதித் தரணும். நம்மள்ல படிச்ச புள்ள வேற யாரு இருக்கா?"

சப்பான்காரன் மலாயாவைப் பிடித்திருந்த காலத்தில், சயாமிலிருந்து பர்மாவுக்குக் காட்டு வழியே ரயில் பாதை போடத் தோட்டத்து ஆட்களை அள்ளிக்கொண்டு போனான். மொத்தம் எத்தனை பேர் செத்தார்கள் என்று இன்றுவரை உலகத்தில் இரண்டு புத்தகங்கள் ஒத்துப்போவதில்லை. உலகக் கணக்கே அப்படி இருக்கும்போது, எங்கள் தோட்டத்துக் கணக்கு மட்டும் ஒழுங்காகவா இருக்கும்? எங்களிடம் மூன்று எண்கள் இருந்தன. ஒன்று கோயில் எண்: எத்தனை பேருக்குக் கருமாதி நடந்ததோ, அது. இரண்டாவது கிராணி எண்: சண்டை முடிந்து தோட்டம் மறுபடி திறந்தபோது, காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டில் பேர் கூப்பிட்டு, குரல் கொடுக்காதவர்களைத் தோட்டத்துக் குமாஸ்தாவான கிராணி எண்ணிச் சொன்னது. மூன்றாவது தலைவரின் எண். அது மற்ற இரண்டையும் கூட்டியதைவிடப் பெரியது.

"கொஞ்சம் பெருசா போட்டாத்தாம்மா ஒய்.பி. தொறந்து வைக்க வருவாரு" என்றார் தலைவர். ஒய்.பி. என்றால் எங்கள் தொகுதியின் சட்டமன்ற உறுப்பினர்.

நான் படித்தவள் இல்லையா? கோயில் எண்ணுக்கும் கிராணி எண்ணுக்கும் நடுவில் ஒன்றைப் பிடித்து, முன்னால் 'ஏறக்குறைய' என்று எழுதி, கௌரவமாக முடித்துவிட்டேன். 'சயாம் ரயில் பாதையில் உயிர்நீத்த நம் தோட்டத்து மக்கள் ஏறக்குறைய இத்தனை பேர் நினைவாக.' படிக்க நன்றாகத்தான் இருந்தது.

தலைவர் வழியே அதைக் கேள்விப்பட்டு, அன்று மாலையே மீட்டர் மாமா எங்கள் கேட்டைத் தட்டினார். அவரும் அதே தோட்டத்துப் பிள்ளை என்பதை நான் மறந்துபோயிருந்தேன்.

"ஏறக்குறையவா? உங்க அப்பா கரண்ட் பில்ல ஏறக்குறையத்தான் கட்டுறாரா?"

"மாமா, எழுபது வருஷத்துக்கு முந்தின கதை. சரியா யாருக்குத் தெரியும்?"

"போய்ப் பாத்தியா?"

"எங்க போய்ப் பாக்குறது?"

"எழுதுனது நீ. காரும் வச்சிருக்க. வா போலாம்."

இப்படித்தான் என் வார இறுதிகள் பறிபோயின. கல் வெட்டுகிற சீனரிடம் தலைவர் மற்ற எழுத்தையெல்லாம் வெட்டச் சொல்லிவிட்டு, எண்ணுக்கு மட்டும் இடம் விடச் சொன்னார். சுண்ணாம்பு மலைக்கு அடியில் இருந்த சீனருடைய பட்டறையில் அந்தக் கல் நடுவில் பல் விழுந்த வாய் மாதிரி நின்றது. கல்லைத் திறக்கவிருந்த கோயில் திருவிழா நெருங்க நெருங்க, என்னைப் பார்க்கும்போதெல்லாம் சீனர் உளியைத் தூக்கிக் காட்டி, "தங்காச்சி, நம்பர் எப்போ?" என்பார்.

முதலில் லூமுட். அங்கே ஓர் அக்கா, சயாமில் செத்த மாமனாரின் படத்துக்கு மாலை போட்டு வைத்திருந்தார். வருடந்தோறும் அவருக்குக் கோழி அடித்துப் படைப்பவர்.

"செத்தத யாரு பாத்தது?" என்றார் மீட்டர் மாமா, நாற்காலியில் உட்காருவதற்கு முன்பே. நான் அவர் காலை மிதித்தேன். நாய்களிடம் பழகிய கால், உணரவில்லை.

அக்கா நிதானமாக, செத்ததை வந்து சொன்ன ஒரு கூட்டாளியின் பெயரைச் சொன்னார். கூட்டாளியின் மகனைத் தேடித் தாப்பாவுக்குப் போனோம். பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில் ஒரு கறிகாய்க் கடைக்குப் போகச் சொல்லி அவர் கைகாட்டினார். கடையின் சுவரில் அதே முகம். கொஞ்சம் பருத்து, நரைத்து, வேறொரு மாலையோடு. லூமுட் கணக்கில் செத்தவர், சயாமிலிருந்து உயிரோடு இறங்கி, பழைய குடும்பத்தை மறந்து, மலைக் கறிகாய் விற்று, பேரன் பேத்தி பார்த்து, சாவகாசமாகச் செத்திருந்தார்.

லூமுட்டுக்குப் போன் போட்டுச் சொல்ல வேண்டியது என் தலையில் விழுந்தது. அக்கா கேட்டார்: "அப்போ வருஷா வருஷம் நான் படைச்ச கோழி?"

மீட்டர் மாமா போனைப் பிடுங்கினார். "அது அவருக்குப் போய்ச் சேரலம்மா. அந்த நேரத்துல அவரு தாப்பால சாப்பிட்டுக்கிட்டு இருந்தாரு."

கமுந்திங்கில் இன்னொரு கூத்து. ஒரே மனிதருக்கு இரண்டு கருமாதி நடந்திருந்தது. பொண்டாட்டி வீட்டார் ஒரு பெயரில் செய்திருந்தார்கள். அவர்களோடு பேச்சுவார்த்தை இல்லாத, செத்தவருடைய அக்கா வீட்டார் இன்னொரு பெயரில் தனியாகச் செய்திருந்தார்கள். இரண்டு வீட்டிலும், வலது காலில் கட்டைவிரல் கிடையாது என்று சொன்னதால்தான் குட்டு வெளிப்பட்டது. "ஒத்த விரல் இல்லாதவன ரெண்டு ஆளாக்கிட்டீங்களே!" என்று மாமா நடுத்தெருவில் நின்று கத்தினார். இரண்டு வீட்டாரும் பல வருடம் கழித்து ஒன்றுசேர்ந்தார்கள், அவரை விரட்டுவதற்காக.

ஆனால் அவர் யாரையும் கடிக்காத நாட்களும் உண்டு. கிராணி எண்ணில் இருக்கும் பெயர், கோயில் எண்ணில் இருக்காது. விசாரித்தால், அப்பன், பிள்ளை, தம்பி என்று வீட்டோடு போயிருப்பார்கள். கருமாதி செய்ய ஆளே மிஞ்சியிருக்காது. அப்படி ஒரு வீடு அகப்படும்போது அவர் காரில் ஏறி, கதவை மெதுவாகச் சாத்திக்கொள்வார். ஈப்போ வரும்வரை எந்த வீட்டு மீட்டரையும் எட்டிப் பார்க்கமாட்டார்.

இப்படிக் குறைத்து, கூட்டி, மறுபடி குறைத்து, கடைசியில் கோயில் எண்ணும் கிராணி எண்ணும் பக்கத்தில் பக்கத்தில் வந்து நின்றன. ஒன்றே ஒன்றுதான் வித்தியாசம். கிராணி எண்ணில் ஓர் ஆள் அதிகம். நூறு வித்தியாசம் வந்தால் எங்கள் அலுவலகத்தில் யாரும் பயப்படமாட்டோம். பிழை எங்காவது பெரிதாக உட்கார்ந்திருக்கும். ஒன்று வித்தியாசம் வந்தால்தான் எல்லா ஏட்டையும் மறுபடி புரட்டுவோம்.

"மாமா, அந்த ஒரு ஆளு யாரு?"

"கிராணி தப்பா எண்ணியிருப்பான். கோயில் எண்ணையே போட்டுரு."

நான் காரை ஓரமாக நிறுத்திவிட்டேன். 'எண்ணியிருப்பான்' என்கிறார் மீட்டர் மாமா! போய்ப் பார்க்காமல்!

அடுத்த ஞாயிறு கோயிலில் கூட்டம். திருவிழாவுக்கு இரண்டு வாரம்தான் இருந்தது. சீனர் கல்லை லாரியில் ஏற்றிக்கொண்டு வந்து, உளியோடு படியில் உட்கார்ந்துவிட்டார். கோயில் எண்ணைப் போடச் சொல்லி மாமா எழுந்து நின்றார். தலைவருக்குப் பொறுக்கவில்லை. ஒய்.பி. வரமாட்டார் என்ற கோபம் வேறு.

"ஊர்ல உள்ள செத்தவனையெல்லாம் எழுப்பி விசாரிச்சீங்க. உங்க அப்பாவும் சயாமுக்குப் போனவருதான? அவர எண்ணுனீங்களா?"

"அந்த வீடு கேட் பூட்டு" என்றார் மீட்டர் மாமா.

நாற்பது வருடம் அந்தத் தொழில் செய்து, அவர் ஒரு தடவைகூட எழுதாத வார்த்தை அது. தலைவருக்கு விளங்கவில்லை. எனக்கு விளங்கியது.

பிறகு அவரே சொன்னார், யாரையும் பார்க்காமல். "அப்பா போறப்ப நான் வயித்துல. செத்தாருன்னு ஆளு வந்து சொன்னாங்க. அம்மா ஒத்துக்கல. 'நீ கண்ணால பாத்தியா?'ன்னு கேட்டு அனுப்பிருச்சு. தாலியக் கழட்டல. கருமாதி செய்யல. ராத்திரி பின்கதவுக்குத் தாழ்ப்பாள் போட்டதே இல்ல. அம்மா போனப்ப மஞ்சள் பூசி, பூவும் பொட்டும் வச்சு, சுமங்கலியாத்தான் அனுப்பி வச்சேன். இப்ப அப்பா பேர இந்தக் கல்லுல சேத்தா, இத்தன வருஷமும் அம்மா யாரு? அப்பா செத்துட்டாருன்னு நான் எழுதுனா, அந்தப் பொட்ட நான் அழிச்ச மாதிரி."

தலைவர் மெதுவாக உட்கார்ந்தார். "அப்ப கோயில் எண்ணே இருக்கட்டும்" என்றார், குரல் இறங்கி.

"அதுவும் தப்பு" என்றார் மீட்டர் மாமா. "ஒரு ஆளு குறையுது." தன் கணக்கே தன்னைக் கடித்துவிட்ட மாதிரி நின்றார்.

படித்த பிள்ளை என்று என்னைக் கூப்பிட்டார்கள் அல்லவா? நான் எழுந்தேன்.

"எண்ணுல தப்பு இல்ல மாமா. நான் எழுதுன எழுத்துலதான் தப்பு. 'உயிர்நீத்த'ன்னு போட்டுட்டேன். அத நம்ம யாரும் பாக்கல. பெரட்டுல பேர் கூப்பிட்டப்ப குரல் வரல. அது மட்டுந்தான் நமக்குத் தெரியும். 'சயாமுக்குப் போய்த் திரும்பி வராத'ன்னு போடலாம். அதுல உங்க அப்பாவும் இருக்கலாம். அம்மா பொட்டும் அப்படியே இருக்கலாம்."

அவர் கண்ணைச் சுருக்கி என்னைப் பார்த்தார். மதிலுக்கு மேலே கழுத்தை நீட்டி எண்ணைப் படிக்கிறபோது அப்படித்தான் பார்த்திருப்பார்.

"அப்போ தாப்பா கறிகாய்க்காரன்? அவனும் வீட்டுக்குத் திரும்பி வரலதான?"

"அவரு சயாம்லேருந்து வந்துட்டாரு மாமா. வீட்டுக்குத்தான் வரல."

"அப்ப 'சயாமிலிருந்து'ன்னு போடு. குத்துமதிப்பா எழுதாத."

எழுத்து ஏற்கெனவே வெட்டியாயிற்றே என்று தலைவர் தலையில் கைவைத்தார். சீனருக்கு மலாயில் விளக்கினோம். அவர் கல்லை ஒரு சுற்றுச் சுற்றி வந்து, "புரட்டிப் போடு லா" என்றார். இன்றைக்கும் அந்தக் கோயிலில், சுவரைப் பார்த்த பக்கம் என் பழைய எழுத்தும் பல் விழுந்த இடமும் அப்படியே இருக்கின்றன. முன்பக்கத்தில், 'சயாமிலிருந்து திரும்பி வராத நம் தோட்டத்து மக்கள்', அதன் கீழே எண். பிற்பாடு நான் கதை எழுத ஆரம்பித்தேன்; அச்சில் வருவதற்கு முன்பே கல்லில் வந்துவிட்ட எழுத்து என்னுடையது. அந்த எண்ணை இங்கே எழுதமாட்டேன். நீங்களே போய்ப் பார்க்க வேண்டும் என்பதுதான் அவருடைய விருப்பமாக இருந்திருக்கும்.

திறப்பன்று அவர் எண்ணின் மேல் விரலை வைத்துப் படித்தார். "இது சரியான ரீடிங்" என்றார். நான் வாங்கிய பட்டத்துக்குக்கூட யாரும் அப்படி ஒரு சான்றிதழ் தரவில்லை.

மீட்டர் மாமா போய்ச் சில வருடங்கள் ஆகின்றன. எங்கள் தாமானில் புது மீட்டர் மாட்டிவிட்டார்கள். அதுவே தன் கணக்கைக் கரண்ட் ஆபீஸுக்கு அனுப்பிவிடுகிறது. மீட்டர் படிக்க இனி யாரும் வரப்போவதில்லை என்று அப்பா சொல்கிறார். சரிதான். ஆனாலும் மாதக் கடைசியில் வேலைக்குக் கிளம்பும்போது, எங்கள் நாயைக் கட்டிவிட்டு, கேட்டைப் பூட்டாமல்தான் போகிறேன்.