பச்சைப் புள்ளியின் மகிமை

சக்கரத்தைக் கண்டுபிடித்தவனுக்கு அடுத்தபடியாக மனிதகுலம் நன்றி சொல்ல வேண்டியது எங்கள் ஆஸ்பத்திரியின் தகவல் அமைப்புக்குத்தான். அதன் பொறுப்பாளன் அடியேன் என்பதற்காகச் சொல்லவில்லை. வேறு யாராக இருந்தாலும் இதையேதான் சொல்வார்கள். சொல்லாவிட்டால் விளக்கம் கேட்போம்.

முன்பெல்லாம் எங்கே என்ன கெட்டிருக்கிறது என்று தெரிந்துகொள்ள, இயக்குநரே மாடிப்படி இறங்கிப் போய்ப் பார்க்க வேண்டியிருந்தது. அந்த இருண்ட காலம் ஒழிந்தது. இப்போது எல்லாமே திரையில் புள்ளிகள். நன்றாக இருந்தால் பச்சை, கெட்டிருந்தால் சிவப்பு. திங்கட்கிழமைக் கூட்டத்தில் பிஸ்கட் சாப்பிட்டபடியே அவற்றைத் தரிசிப்போம்.

ஒரு திங்கட்கிழமை, நாற்பத்தொரு பச்சைக்கு நடுவே ஒரே ஒரு சிவப்பு. மருந்தறை ஃப்ரிட்ஜ்: இருபத்துமூன்று டிகிரி.

"யாரு இதைச் சிவப்பா வச்சிருக்கறது?" என்றார் இயக்குநர்.

மருந்தறை நர்ஸ் எழுந்தார். "ஃப்ரிட்ஜ் கெட்டுப்போச்சு சார். எட்டு டிகிரியைத் தாண்டக் கூடாது. நாய்க்கடி ஊசியெல்லாம் உள்ள இருக்கு. உடனே புதுசு வேணும்."

"ஃப்ரிட்ஜைப் பத்தி யாரும்மா கேட்டா? நான் புள்ளியைப் பத்திக் கேக்கறேன். நாளைக்கு மேலிடத்துல இருந்து பாக்க வராங்க."

எல்லார் பார்வையும் என் மேல் விழுந்தது. நிபுணன் என்றால் சும்மாவா? நர்ஸ் பார்த்துக்கொண்டு நிற்க, ஃப்ரிட்ஜுக்குள் வெப்பத்தை அளந்துகொண்டிருந்த சென்சாரைக் கழற்றினேன். சுவருக்கு அந்தப் பக்கம் இயக்குநரின் அறை. அங்கே அவருடைய ஆரஞ்சு ஜூஸுக்கென்றே ஒரு குட்டி ஃப்ரிட்ஜ். பாட்டிலுக்குப் பக்கத்தில் சென்சாரை வைத்தேன். நாலு டிகிரி! புள்ளி பச்சையானது. எனக்குப் பாராட்டுக் கடிதம் கிடைத்தது. சட்டம் போட்டு மாட்டியிருக்கிறேன்.

நர்ஸுக்கு மட்டும் திருப்தி இல்லை. புது ஃப்ரிட்ஜ் கேட்டுக் கணினியில் விண்ணப்பம் போட்டார். அமைப்பு பச்சைப் புள்ளியைப் பார்த்தது. "தேவை எழவில்லை" என்று நிராகரித்தது. ஒன்பதே வினாடி! காகிதக் காலத்தில் இதே மறுப்பைப் பெற மூன்று மாதம் நடையாய் நடக்க வேண்டும். அதற்கும் அவர் நன்றி சொல்லவில்லை. சிலருக்கு என்ன செய்தாலும் மனசு நிறையாது.

போன வியாழக்கிழமை என் மகளைத் தெருநாய் கடித்துவிட்டது. ஆறு வயது. கணுக்காலில் இரண்டு பல் பதிந்திருந்தது. தூக்கிக்கொண்டு மருந்தறைக்கு ஓடினேன். என் மனைவி செருப்புக்கூடப் போடாமல் பின்னாலேயே ஓடி வந்தாள்.

நர்ஸ் காயத்தைச் சோப்புப் போட்டு நன்றாகக் கழுவினார். ஆனால் ஊசியைத் தொடவில்லை.

"போடுங்க சிஸ்டர், ஏன் நிக்கறீங்க?"

"பதினஞ்சு நாளா சூட்டுல கிடந்த மருந்து சார். வேலை செய்யும்னு எதை நம்பிச் சொல்றது? பெரிய ஆஸ்பத்திரிக்குப் போக வண்டி சொல்லியிருக்கேன்."

என் மனைவி சுவரில் இருந்த திரையைக் காட்டினாள். "என்னம்மா சொல்றீங்க? நாலு டிகிரின்னு பச்சையா எரியுதே! இவர்தான் பாத்துப் பாத்துச் செஞ்சார்!"

"திரை பொய் சொல்லாதும்மா," என்றார் நர்ஸ், என்னைப் பார்த்தபடியே. "நாலு டிகிரியில இருக்கறது இயக்குநரோட ஜூஸ். சார், நீங்க ஒரு வார்த்தை சொன்னா, அந்த ஜூஸையே பாப்பாவுக்குப் போட்டுடறேன்."