செலக்டர் தேர்ந்தெடுத்த படகு

கோவில்பட்டி வட்டாரத்தில் எந்தப் பொருளையும் பார்த்தவுடன் 'நல்லது' என்று சொல்லத் தெரியாத ஒரே மனிதர் எங்கள் செலக்டர்தான். கடவுளே நேரில் வந்து வரம் தருகிறேன் என்று சொன்னாலும், "மேலாப்ல இருக்கத எடுக்காதீங்க, அடியில இருந்து ஒண்ண உருவிக் குடுங்க" என்பார்.

அவருக்கும் அப்பா அம்மா வைத்த பெயர் ஒன்று உண்டு. நான் ஒரு நூற்பாலையின் டைம் ஆபீஸில் இருந்தவன். வருடக்கணக்காக அவர் வருகையைப் பதிந்திருக்கிறேன். எனக்கே அந்தப் பெயர் யோசித்தால்தான் வரும். மில்லுக்குப் பஞ்சு வாங்கும்போது தரம் பார்க்கிற வேலை அவருக்கு. பேலில், அதாவது கட்டி வந்த பஞ்சுப் பொதியில் இருந்து ஒரு பிடியைப் பிடுங்கி, இரண்டு கட்டை விரலுக்கும் நடுவில் வைத்து இழுத்து, இழையின் நீளம் இவ்வளவு, பலம் இவ்வளவு என்று சொல்லிவிடுவார். அதனால் ஊருக்கே அவர் செலக்டர்.

வேலையை வேலை நேரத்தோடு விட்டுவந்தால் அவர் ஏன் இந்தப் பத்திரிகையில் இடம்பிடிக்கப் போகிறார்? கடலை மிட்டாய் வாங்கப் போனால் டின்னின் அடியில் கையை விட்டு ஒன்றை எடுத்து, காதோரம் வைத்து ஒடித்து, சத்தம் கேட்பார். சத்தம் சரியில்லை என்றால் அடுத்த கடை. தீபாவளிக்கு ஜவுளிக் கடையில் அவர் நுழைந்தால், அங்கிருக்கும் பையன்கள் ஒருத்தர் பின்னால் ஒருத்தர் டீ குடிக்கப் போய்விடுவார்கள்.

எல்லாவற்றையும்விட அவருக்குப் பெரிய எதிரி ஈரம். பஞ்சு வியாபாரத்தில் நடக்கிற பெரிய தில்லுமுல்லு தண்ணீர்தான். எடை கூட வேண்டும் என்று பஞ்சில் தெளித்துவிடுவார்கள். கேட்டால், "ராத்திரி பனி பெஞ்சிட்டு அண்ணாச்சி" என்று முகத்தை அப்பாவியாக வைத்துக்கொள்வார்கள். சித்திரை வெயிலில்கூடப் பனி பெய்த கதை அவர் காதில் விழுந்திருக்கிறது. அதனால் பஞ்சைக் கன்னத்தில் வைத்துப் பார்ப்பார். லேசாகச் சில்லிட்டால் போதும், லாரி வந்த வழியே திரும்ப வேண்டியதுதான்.

இது வீட்டிலும் தொடர்ந்தது. அவர் மனைவி எங்களிடம் ஒருமுறை சொன்னார். "பொண்ணு பாக்க வந்தாவ. நான் காப்பியக் கையில வச்சுக்கிட்டு நிக்கேன். இவிய என்னையப் பாக்கல. செவத்துல கன்னத்த வச்சுக்கிட்டு நிக்காவ." மாமனார் மேல்தளத்து ஒழுகலைச் சரிசெய்து, சுவரைப் பூசிக் காட்டிய பிறகுதான் தாம்பூலம் மாற்றினார்களாம்.

மில்லில் அவருக்கு ஒரே ஒரு சிநேகிதர், ஸ்டோர் கீப்பர் மைதீன் பாய். முப்பது வருடமாக இருவரும் ஒரே பெஞ்சில் உட்கார்ந்து மதியம் சாப்பிட்டார்கள். பாய் கொண்டுவரும் சோற்றில் அடியிலிருந்து ஒரு வாய் எடுத்து ருசி பார்த்து, "இன்னைக்கு உப்பு ஒரு பொட்டு கம்மி" என்று தீர்ப்புச் சொல்வது செலக்டர். "நாளைக்குச் சரி பண்ணச் சொல்லுதேன் அண்ணாச்சி" என்று சிரித்துக்கொள்வது பாய்.

பாய்க்கு ஒரே பைத்தியம், தூண்டில். எங்கள் கரிசல் காட்டில் தூண்டில் பைத்தியம் பிடிப்பது பெரிய துரதிர்ஷ்டம். கண்மாயில் நாலு மாதம் தண்ணீர் நின்றால் அது நல்ல வருடம். மற்ற நாளெல்லாம் பாய் முள்களுக்கு எண்ணெய் தடவி ஒரு டப்பாவில் வைத்துக்கொண்டு வானத்தைப் பார்ப்பார். இத்தனை வருடத்தில் அவர் பிடித்ததெல்லாம் விரல் நீளக் கெண்டையும், அதைவிடக் கொஞ்சம் பெரிய கெளுத்தியும்தான்.

அவர் பணி ஓய்வு பெறப்போகிற மாதம் வந்தது. ஓய்வு பெற்றதும் ஓசூரில் இருக்கிற மகன் வீட்டுக்குப் போய்விடுவதாக ஏற்பாடு. எங்கள் அலுவலகத்தில் ஓய்வு பெறுகிறவருக்குச் சுவர்க் கடிகாரம் கொடுப்பது வழக்கம். பாயிடம் மெதுவாகக் கேட்டேன். கடிகாரம் வேண்டாம் என்றார். அப்புறம் கொஞ்சம் வெட்கப்பட்டுக்கொண்டே, "கடல்ல, எங்கையால, ஒரு மீன் பிடிக்கணும். அது போதும்" என்றார். ஓசூருக்குப் போனால் கடலுக்கு எங்கே போவது? அவருக்கு இருந்தது இந்த ஒரு வாய்ப்புதான்.

ஆயுத பூஜை விடுமுறையில் வேன் பிடித்துக் கிளம்பினோம். பாய், செலக்டர், நான், நூல் சுற்றுகிற வைண்டிங் பிரிவு மேஸ்திரி ஆக நாலு பேர். தூத்துக்குடிக்குத் தெற்கே ஒரு கடற்கரை ஊரில் அறை போட்டோம். இப்போதெல்லாம் அந்தப் பக்கம் விடுமுறைக்கு வருகிறவர்களைப் படகில் ஏற்றி, தூண்டில் போட்டு மீன் பிடிக்க வைக்கிற தொழில் சூடு பிடித்திருக்கிறது. நான் முந்தின வாரமே போனில் தேடி, நிறைய நட்சத்திரம் வாங்கிய ஒரு படகைப் பேசி வைக்கப் பார்த்தேன். செலக்டர் என் கையைப் பிடித்துவிட்டார்.

"அது மேப்பஞ்சு தம்பி. பேலுக்கு மேல நல்லதத்தான் வச்சுக் கட்டுவான். நேர்ல பாத்து எடுப்போம்."

அன்று நான் வாயை மூடிக்கொண்டு இருந்ததற்கு இன்றும் என்னை நானே திட்டிக்கொள்கிறேன்.

காலை ஆறரைக்கெல்லாம் கரையில் நின்றோம். முதல் படகு ஃபைபர் படகு. வெள்ளை வெளேரென்று இருந்தது. தண்ணீருக்கு அடியில் மீன் எங்கே நிற்கிறது என்று காட்டுகிற திரைகூட இருந்தது. மேஸ்திரி ஏறி உட்கார்ந்தே விட்டார். செலக்டர் எதையும் பார்க்கவில்லை. குனிந்து அடிப்பலகையைத் தூக்கினார். கையை உள்ளே விட்டுத் தடவினார். நிமிர்ந்து எங்களைப் பார்த்து, "ஈரம்" என்றார்.

படகுக்காரருக்கு ஒன்றும் புரியவில்லை. கடலில் ஓடுகிற படகு அப்படித்தான் இருக்கும் என்று பொறுமையாக விளக்கினார். செலக்டர் ஒரு சிரிப்புச் சிரித்தார். சித்திரையில் பனி பெய்தது என்று சொன்னவர்களிடம் சிரிக்கிற அதே சிரிப்பு. மேஸ்திரியை இறக்கிக் கூட்டிக்கொண்டு நடந்தார்.

இரண்டாவது படகிலும் ஈரம். மூன்றாவது படகுக்காரர் விஷயம் கேள்விப்பட்டு, நாங்கள் வருவதற்குள் துணியால் துடைத்து வைத்திருந்தார். செலக்டர் அந்தத் துணியைத் தேடிப் பிடித்துப் பிழிந்து காட்டினார். திருட்டைக் கையும் களவுமாகப் பிடித்த பெருமை முகத்தில் தாண்டவமாடியது. இப்படியே ஏழு படகு ஆயிற்று. ஒவ்வொன்றாக வேறு ஆட்களை ஏற்றிக்கொண்டு கடலுக்குள் போய்விட்டன. மணி ஒன்பது. கரையில் நாங்களும் நாலு நாய்களும்தான் பாக்கி.

பாய், மகன் வாங்கி அனுப்பிய புதுத் தூண்டில் கம்பை உறையோடு மார்பில் அணைத்துக்கொண்டு, போகிற படகுகளைப் பார்த்துக்கொண்டு நின்றார். எனக்கு ஆத்திரம் தாங்கவில்லை. செலக்டரைத் தனியாகக் கூப்பிட்டு, இது பஞ்சு இல்லை, இந்த மனிதரின் முப்பது வருட ஆசை, அதைக் கெடுத்துவிடாதீர்கள் என்று சொன்னேன்.

"அவருக்குன்னுதாம்ல பாக்கேன். வேற ஆளுக்குன்னா முத போட்டுலயே ஏறியிருப்பேன்" என்றார். வழக்கமான 'தம்பி' போய் 'ல' வந்துவிட்டது என்றால் அவருக்கும் உள்ளே ஏதோ உறுத்துகிறது என்று அர்த்தம்.

அப்போதுதான் அந்த வள்ளம் அவர் கண்ணில் பட்டது. கரையில் வெகுதூரம் மேலே, மணலில் ஏற்றி வைத்திருந்த பழைய மர வள்ளம். செலக்டர் ஏறினார். அடியில் கைவிட்டார். பிறகு மண்டியிட்டுப் பலகையில் கன்னத்தை வைத்தார். அவர் முகத்தில் அப்படியொரு நிம்மதியை நான் அதற்கு முன்னால் பார்த்ததில்லை.

"பாய், இங்கன வாரும். நொறுங்கக் காஞ்சிருக்கு. ஒரு பொட்டு ஈரம் கெடையாது."

வள்ளத்துக்காரர் வயதானவர். எஞ்சின் கோளாறாகி வள்ளம் நாலு மாதமாகக் கரையில் கிடக்கிறது, நேற்றுத்தான் எஞ்சின் சரியாயிற்று என்றார். "ரெண்டு நாளு தண்ணில ஊறணும். பொறவு போவலாம்" என்று தயங்கினார். இந்தத் தயக்கம்தான் எங்களைக் கவிழ்த்தது. விற்க மனசில்லாதவனிடம்தான் நல்ல சரக்கு இருக்கும் என்பது செலக்டரின் சித்தாந்தம். ஒற்றைக் காலில் நின்றார். பெரியவர் பாயின் முகத்தைப் பார்த்தார், கம்பைப் பார்த்தார், மனசு இளகிவிட்டது. ரொம்பத் தூரம் போக வேண்டாம், கிட்டத்திலேயே தண்ணீருக்கடியில் மீன் தங்குகிற பாறைத் திட்டான பார்ப் பக்கம் போய்த் திரும்பிவிடலாம் என்று ஒத்துக்கொண்டார்.

கோடையில் எங்கள் கரிசல் மண் காய்ந்து, ஆட்டின் கால் நுழைகிற அளவுக்கு வெடித்துக் கிடக்கும். காய்ந்தால் பிளக்கும் என்று எங்களுக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை. ஆனாலும் பாருங்கள், நாலு மாதம் வெயிலில் காய்ந்த மரப் பலகையும் சுருங்கி இடுக்கு விடும் என்று எங்கள் நாலு பேரில் ஒருத்தருக்கும் உறைக்கவில்லை.

ஆளுக்கொரு லைஃப் ஜாக்கெட் போட்டுக்கொண்டு கிளம்பினோம். கால்மணி நேரத்தில் பார் வந்தது. எஞ்சினை நிறுத்தினார் பெரியவர். பாய் முள்ளில் கணவாய்த் துண்டைக் கோத்து, பிஸ்மி சொல்லித் தூண்டிலை வீசினார். மேஸ்திரி குமட்டலில் கண்ணை மூடிப் படுத்துவிட்டார். நான் எதற்கோ குனிந்தேன். கழற்றி வைத்த என் செருப்பு இரண்டும் என்னைத் தாண்டி மிதந்து போய்க்கொண்டிருந்தன.

பெரியவர் பதறவில்லை. ஆளுக்கொரு டப்பாவைக் கொடுத்து, அள்ளி ஊற்றச் சொன்னார். அள்ள அள்ள வந்தது. சின்ன இடுக்குகள் ஊறினால் தானாக மூடிக்கொள்ளும், ஆனால் நடுவில் ஒன்று மட்டும் பெரிதாக விட்டிருக்கிறது, திரும்பிவிடுவோம் என்றார். பாய் தூண்டில் நரம்பைச் சுற்ற ஆரம்பித்தார்.

"பரவால்ல அண்ணாச்சி. கடலுக்குள்ள வந்து பாத்தாச்சுல்லா" என்றார் செலக்டரிடம். திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருக்கலாம்.

செலக்டர் பெரியவரிடம், அந்த இடுக்கை எதை வைத்து அடைப்பீர்கள் என்று கேட்டார். பஞ்சும் எண்ணெயும் வைத்துத்தான் அடைப்போம், கரையில் கிடக்கிறது என்றார் அவர். செலக்டர் தோள்பையைத் திறந்தார். உள்ளே நீலக் காகிதத்தில் சுருட்டிய பஞ்சு மாதிரிகள். மனிதர் விடுமுறைக்கும் அதோடுதான் வந்திருக்கிறார்.

அடைத்தாரா? இல்லை. முதல் சுருளைப் பிரித்து, இரண்டு கட்டை விரலுக்கு நடுவில் வைத்து இழுத்துப் பார்த்தார். கணுக்கால் வரை தண்ணீர் நிற்கிறது. நான் கத்தினேன்.

"இரிடே. இது நயம் சரக்கு, நீள எழை. ஓட்டைய அடைக்கதுக்கு இதப் போட முடியுமா" என்று அதைப் பத்திரமாகச் சுருட்டி உள்ளே வைத்தார். மூன்றாவது சுருளில்தான் மட்டச் சரக்கு கிடைத்தது. அதைத் திரித்து இடுக்கில் திணித்தார். பெரியவர் எஞ்சினுக்குப் போடுகிற கிரீஸைத் தடவினார். பஞ்சு நின்றது. ஆனால் கையை எடுத்தால் பிதுங்கிக்கொண்டு வெளியே வந்தது.

செலக்டர் வேட்டியோடு அந்தத் தண்ணீரில் சம்மணமிட்டு உட்கார்ந்தார். உள்ளங்கையால் இடுக்கை அழுத்திக்கொண்டார்.

"பாய், நீரு தூண்டிலப் போடும். இத நான் பிடிச்சுக்கிடுதேன்."

பெரியவர் கொஞ்ச நேரம் தண்ணீர் வரத்தைக் கவனித்தார். குறைந்திருந்தது. சரி, கரை பக்கத்தில்தானே, ஒரு மணி நேரம் பார்ப்போம் என்றார். நான் மிச்சத் தண்ணீரை அள்ளினேன். ஒரு துளி ஈரம் கண்டால் லாரியைத் திருப்பி அனுப்புகிற மனிதர், இடுப்பு வரை நனைந்து உட்கார்ந்திருந்தார். அலை அடிக்கும்போதெல்லாம் முகத்தில் உப்புத் தண்ணீர் தெறித்தது. துடைக்கக் கையை எடுக்கவில்லை.

முக்கால் மணி நேரம் ஒன்றும் கடிக்கவில்லை. அப்புறம் பாயின் கம்பு வில்லாக வளைந்தது. ரீல் கிரீச்சென்று கத்தியது. மீன் வள்ளத்துக்கு அடியில் ஓடி அந்தப் பக்கம் போயிற்று. பாயும் கம்போடு அந்தப் பக்கம் தாவினார். செலக்டருக்குத் திரும்பிப் பார்க்க வழியில்லை.

"எந்தப் பக்கம் போகுது தம்பி? வலிச்சுட்டாரா? நரம்பு தாங்குமா?" என்று என்னை நச்சரித்துக்கொண்டே இருந்தார். நான் தண்ணீர் அள்ளிக்கொண்டே கிரிக்கெட் வர்ணனை மாதிரி சொல்லிக்கொண்டிருந்தேன்.

கடைசியில் பாய் இழுத்துப் போட்டது செலக்டர் மடியிலேயே வந்து விழுந்தது. முழங்கை நீளப் பாறை மீன். வெள்ளிப் பாத்திரம்போல மின்னியது. பாய் அப்படியே உட்கார்ந்துவிட்டார். கண் நிறைந்திருந்தது. செலக்டர் இடது கையால் மீனை மெல்லத் தடவினார்.

"என்ன அண்ணாச்சி, ஈரமா இருக்கா?" என்றார் பாய்.

முப்பது வருடத்தில் பாய் அவரைக் கேலி செய்தது அதுதான் முதல் தடவை. செலக்டர் வயிறு குலுங்கச் சிரித்தார். சிரித்ததில் கை நழுவி, தண்ணீர் பீய்ச்சி அடித்தது. பெரியவர் எஞ்சினைக் கிளப்பிவிட்டார்.

கரையில் இறங்கிய பிறகுதான் பார்த்தோம். பலகையில் நீட்டிக்கொண்டிருந்த ஆணி அவர் வலது கட்டை விரலைக் கிழித்திருந்தது. அவர் பிழைப்பே அந்த விரல்தான். எப்போது கிழித்தது என்று கேட்டேன். உட்கார்ந்தவுடனேயே என்றார். மில்லில் கேட்டவர்களிடம், தேங்காய் உடைக்கும்போது வெட்டிக்கொண்டதாகச் சொல்லிவிட்டார். பத்து நாள் கட்டுப் போட்டுக்கொண்டு, இடது கையால் பஞ்சு பார்த்தார்.

வேனில் திரும்பி வருகையில் பாய் முன் சீட்டில் தூங்கிவிட்டார். செலக்டர் என் பக்கம் சாய்ந்து, "தம்பி, சரக்குத் தப்பாயிட்டு" என்றார் ரகசியமாக. அவர் வாயிலிருந்து அப்படி ஒரு வார்த்தை வந்ததாக மில் சரித்திரத்திலேயே கிடையாது. அவர் ஈர வேட்டிக்கு என் துண்டைக் கொடுத்தேன்.

இது நடந்து மூன்று வருடம் ஆகிறது. போன வாரம் ஓசூரிலிருந்து பாய் பேசினார். இந்த ஆயுத பூஜைக்கு எங்கேயாவது போவோமா என்று கேட்டார். நான் நாலைந்து ஊர் சொன்னேன், எங்கெங்கே நல்ல படகு இருக்கிறது என்றும் சொன்னேன். எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டுக்கொண்டார்.

"அதெல்லாம் சரிதான். செலக்டர் அண்ணாச்சி எதக் காட்டுதாவளோ அதுல ஏறுவோம்" என்றார்.

எனக்கும் அதுதான் சரி என்று பட்டது. நாங்கள் ஏறுகிற படகில் அவர் இருந்தால் போதும்.