மரமல்லியைத் திட்டிய புல்லு சார்

திருவண்ணாமலையில் சாமியோடு சண்டை போட்டவர்கள் நிறைய உண்டு. மரத்தோடு சண்டை போட்டவர், எனக்குத் தெரிந்து, புல்லு சார் ஒருவர்தான். தினமும் போடுவார். தினமும் தோற்பார்.

தொண்ணூறுகளின் நடுவில் செங்கம் ரோட்டில் இருந்த ஒரு தங்கும் விடுதிக்கு அவர் மேனேஜர். ஒன்பதாம் வகுப்பு என்னைக் கைவிட்டதால் நான் அதன் வாசலில் ஆட்டோ போட்டிருந்தேன். விடுதிக்கு முன்னால் ஒரு புல்தரை. அது சாரின் உயிர். அதன் நடுவில் ஒரு மரமல்லி. அதுதான் எமன். தீபத்துக்கு ஊரே நிரம்பியிருக்கும் நேரம் பார்த்துப் பூக்கும். விடிந்தால் புல்லே தெரியாது, வெள்ளையாக நீளக் காம்புப் பூக்கள்தான். ஈரப் பூ கிடந்தால் அடியில் புல் பழுத்துவிடும் என்பது அவர் கவலை.

"உனுக்கு அறிவிருக்கா? நேத்துதான பெருக்கினேன்?" என்று அண்ணாந்து மரத்தைக் கேட்பார்.

பெருக்க வந்த ஆட்களையும் அதே குரலில்தான் திட்டுவார். "தொடப்பத்த அழுத்தாத, புல்லு வருது பாரு." அவர்கள் துடைப்பத்தை அங்கேயே போட்டுவிட்டுப் போய்விடுவார்கள். யாரும் ஒரு வாரம் தாண்டியதில்லை. கடைசியில் சாரே குந்திப் பொறுக்குவார்.

"கோயில் வாசல்ல பூ விக்கிற அம்மாகிட்ட குடுத்துடலாமே சார்" என்றேன் ஒருநாள்.

"கீழ விழுந்தது சாமிக்கு ஆவாதுன்னிட்டாங்கடா."

"அப்ப கீழ விழாம பாத்துக்குங்க."

கிண்டலுக்குத்தான் சொன்னேன். மறுநாள் காலை மரத்தடி முழுக்க விடுதியின் படுக்கை விரிப்புகள். பூவெல்லாம் அதில்தான் விழுந்திருந்தது. நாலு மூலையைப் பிடித்துத் தூக்க வேண்டியதுதான் பாக்கி. அதற்குள் மாடி ரூம் வெள்ளைக்காரர், தனக்காகத்தான் விரித்திருக்கிறார்கள் என்று நினைத்து, நட்டநடுவில் உட்கார்ந்து கண்ணை மூடிக்கொண்டார். தியானத்தில் இருப்பவரை எழுப்பும் வழக்கம் அந்தத் தெருவில் கிடையாது. சார் ஒரு மூலையைப் பிடித்தபடி மத்தியானம் வரைக்கும் நின்றார்.

அடுத்தது ஃபேன். ஆபீஸில் இருந்த ஸ்டாண்டு ஃபேனை நீள ஒயர் போட்டு இழுத்துவந்து முழு வேகத்தில் விட்டார். பூவெல்லாம் அழகாகக் கிளம்பி, கேட் வழியாகப் போய், பக்கத்து வீட்டு அக்கா அப்போதுதான் போட்டு முடித்த கோலத்தில் இறங்கியது.

"இன்னா சார், உங்க பூவ எங்க வூட்டுக்கு அனுப்பறீங்க?"

"நானா அனுப்பறேன்? அதக் கேளும்மா" என்று மரத்தைக் காட்டினார்.

அன்றைக்கே எஸ்.டி.டி. பூத்துக்குப் போய், வேலூரில் இருந்த முதலாளியிடம் மரத்தைப் பற்றிப் புகார் சொன்னார். அப்புறம் தினமும் சொன்னார். தாங்க முடியாமல் முதலாளி ஒரு மரம் வெட்டுகிறவரையே அனுப்பிவிட்டார்.

"இத்தோட பூவப் பத்தி போன் வரக்கூடாதாம் சார். வந்தா வேற மேனேஜர் பாத்துக்குவாராம்" என்றார் வந்தவர், கோடாலியை இறக்கியபடி.

சார் பொறுக்கிக்கொண்டிருந்த பூக்கூடையைக் கீழே வைக்கவில்லை.

"எந்தப் பக்கம் சாய்ப்ப?"

"இப்டி சார், புல்லு மேல."

"புல்லு நசுங்கும்."

"அப்ப அந்தப் பக்கம்."

"ரூம் ஜன்னல் இருக்குது."

"கிளை கிளையா எறக்கிடறேன்."

"கிளை எதுமேல விழும்?"

"புல்லு மேலதான்."

"நசுங்கும்."

"சார், வெட்டணுமா வாணாமா, ஒண்ணு சொல்லுங்க."

"வெட்டு. கீழ விழாம வெட்டு."

அந்த ஆள் என்னைப் பார்த்தார். நான் மலையைப் பார்த்தேன். கோடாலி திரும்பவும் தோளில் ஏறி வேலூர் பஸ்ஸுக்குப் போய்விட்டது.

"புல்லுக்காகவா சார் மரத்த வுட்டீங்க?" என்று சீண்டினேன்.

சார் குந்தி ஒரு பூவை எடுத்தார். ஒட்டியிருந்த மண்ணை ஊதினார்.

"ஆளுங்கள திட்டினா கோச்சிக்கினு போயிடறாங்கடா. இது பாரு, எவ்ளோ திட்டினாலும் மறுநாள் வந்து கொட்டுது."

நானும் பக்கத்தில் குந்திப் பொறுக்க ஆரம்பித்தேன்.

அதற்கப்புறம் அவர் பூத் பக்கமே போகவில்லை. சில வருஷத்தில் வயதாகி, மகள் வீட்டோடு போய்விட்டார். புல்தரையில் இப்போது சிமென்ட் போட்டுக் கார் நிறுத்துகிறார்கள். மரம் மட்டும் பழையபடி கொட்டுகிறது. தீபம் நெருங்கினால் காலையில் என் ஆட்டோவை அதன் அடியில்தான் நிறுத்துவேன். கூரை நிறையப் பூ விழுந்ததும் இறங்கி, அண்ணாந்து கேட்பேன்:

"உனுக்கு அறிவிருக்கா? நேத்துதான தொடச்சேன்?"