காட்டில் விடிகிறதா, இருட்டுகிறதா?

அன்புள்ள மச்சானுக்கு,

இங்கே நான் நலம், உங்கள் தங்கையும் நலம். ஆனால் தனித்தனியாக நலம்.

காரணம், நீங்கள் கண்ணாடிச் சட்டம் போட்டு அனுப்பிய காட்டு ஓவியம். வந்த அன்றே ஹாலில், சமையலறை வாசலுக்கு நேர் எதிரே மாட்டினேன். ஆணி அடித்ததில் கட்டைவிரல் வீங்கியது தனிக் கதை. படம் முழுக்கக் கருகருவென்று மரங்கள், நடுவில் மட்டும் மஞ்சளாக ஒரு வெளிச்சம். "ஆஹா, விடியற்காலை!" என்றேன். உங்கள் தங்கை கரண்டியோடு வந்து பார்த்தாள். "விடியலும் இல்ல, ஒண்ணும் இல்ல. பொழுது சாயுது. அண்ணி போனதுலேர்ந்து தனியாக் கிடந்து அண்ணனுக்கு மனசே விட்டுப்போச்சு, அதான் இப்படி வரைஞ்சிருக்காரு" என்று மூக்கை உறிஞ்சினாள். அன்றிலிருந்து என் காபியில் சர்க்கரை இல்லை. சமாதானம் செய்யலாமென்று படத்தைப் படுக்கையறைக்கு மாற்றினால், அங்கே காடு இன்னும் இருண்டு தொலைத்தது. "பாத்தீங்களா, ராத்திரியே ஆயிடுச்சு!" என்று அழுதேவிட்டாள். திரும்ப ஹாலுக்கே கொண்டுவந்தேன். அதே ஆணி, அதே விரல். பஞ்சாயத்துக்குப் பக்கத்து வீட்டுப் பல் டாக்டரைக் கூப்பிட்டேன். மனுஷர் கடைவாய்ப்பல்லைப் பார்ப்பதுபோல் ஒவ்வொரு மரமாக டார்ச் அடித்துப் பார்த்துவிட்டு, "காலையும் இல்ல, சாயங்காலமும் இல்ல சார், மழை வரப்போகுது" என்றார். இவள் மொட்டைமாடிக்கு ஓடிப்போய்க் காயாத துணியையெல்லாம் அள்ளிக்கொண்டு வந்துவிட்டாள்.

ஆகவே மச்சான், உண்மை எதுவோ எனக்கு வேண்டாம். 'அது விடியல்தான்' என்று ஒரே ஒரு வரி எழுதிப் போடுங்கள். பொய்யாக இருந்தாலும் பாதகமில்லை. அவள் தூங்கினால்தான் நான் தூங்க முடியும்.

உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள். நேரத்துக்குச் சாப்பிடுங்கள். அடுத்த படத்தில் பட்டப்பகலை வரையுங்கள்.

இப்படிக்கு,
வீங்கிய விரலோடு,
உங்கள் தங்கை கணவன்

பி.கு.: உறையை ஒட்டப் பசை தேடிச் சமையலறைக்குப் போனேன். உங்கள் தங்கை கடைக்குப் போயிருந்தாள். அவள் எப்போதும் எரியவிடும் பல்பை அணைத்துவிட்டு வெளியே வந்தால், காட்டிலும் வெளிச்சத்தைக் காணோம்! போட்டேன், வந்தது. அணைத்தேன், போனது. இத்தனை நாளும் நாங்கள் சண்டை போட்டது கண்ணாடியில் தெரிந்த எங்கள் வீட்டு பல்புக்காக. உங்கள் படத்தில் வெளிச்சமே இல்லை, மச்சான். மேலே எழுதியதை எல்லாம் மறந்துவிடுங்கள். பதிலும் வேண்டாம். துணிமணி, வண்ணப்பெட்டி எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டு இங்கேயே வந்துவிடுங்கள். அவளுக்கு இன்னும் விஷயம் தெரியாது. பல்பை இனி ராப்பகலாக எரியவிடப்போகிறேன். அது ஃபியூஸ் போவதற்குள் வந்து சேருங்கள்.