சான்றிதழுக்கு ஒரு பிடி மணல்

அரிசோனாப் பாலைவனத்தில், வண்டியிலேயே குடியிருப்பவர்கள் வாடகைக்கு இடம்பிடிக்கும் எங்கள் பூங்காவில், குளிர்காலம் வந்தால் நூற்றுப்பத்து வண்டிவீடுகள் வந்து நிற்கும். எல்லாரும் ஓய்வு பெற்றவர்கள். ஓய்வு பெற்றவர்களுக்கு வேலை வேண்டுமே. ஆகவே ஒன்பது குழுக்கள் உண்டு. அவற்றுள் மாட்சிமை பொருந்தியது ஒலிக்கட்டுப்பாட்டுக் குழு. தலைவர் வெர்னன் பிக்கெட் முப்பது வருஷம் ஓர் அலுவலகத்தில் முத்திரை குத்தியவர். கை இன்னும் சும்மா இருக்க மறுத்தது.

டோரீன் ஹாஸ்கெல் நெப்ராஸ்காவில் பள்ளிப் பேருந்து ஓட்டியவள். அவள் வண்டியில் பொத்தானை அமுக்கினால், மேசை இழுப்பறை மாதிரி ஓர் அறை பக்கவாட்டில் வெளியே நகரும். நகரும்போது பன்றியைக் கட்டி இழுப்பதுபோல ஒரு சத்தம். மூன்று பேர் புகார் எழுதினோம். பத்து நாளுக்குள் ஒலி குறைப்புச் சான்றிதழ் பெறாவிட்டால் இடத்தைக் காலி செய்யவேண்டும் என்று அவளுக்குக் கடிதம் போனது. அடுத்த வண்டியில் அவளுடைய அக்கா லோர்னா, இடுப்பு மூட்டு மாற்று அறுவை முடிந்து மூன்று வாரம்தான் ஆகியிருந்தது. குளிக்க வைப்பதும் சூப் வைத்துக் கொடுப்பதும் டோரீன்தான்.

டோரீன் புலம்பவில்லை. ரசமட்டம் வைத்துப் பார்த்தாள்; வண்டிக்கு முட்டுக்கொடுக்கும் முன்பக்கத் தாங்கி மணலில் இறங்கி வண்டி சாய்ந்திருந்தது. நிமிர்த்தினாள். அறை நகரும் தண்டவாளத்தில் எப்போதோ அப்பிய கிரீஸில் மணல் ஒட்டி உப்புத்தாளாகியிருந்தது. சுரண்டித் துடைத்து, மண் ஒட்டாத உலர்ந்த ஸ்ப்ரே அடித்தாள். ரப்பர் விளிம்பையும் கழுவிப் பதப்படுத்தினாள். இரண்டு நாள் வேலை. பிறகு அறை பூனை மாதிரி வெளியே வந்தது.

பிக்கெட் ஒலிமானியோடு வந்தார். கேட்டார். படிவத்தை விரித்தார்.

"நல்லாத்தான் இருக்கு. ஆனா எவ்வளவு குறைஞ்சிருக்குன்னு எழுதணுமே. முன்னாடி எவ்வளவு இருந்துச்சு?"

"முன்னாடி நீங்க அளக்கலையே."

"அதான் சிக்கல். குறைப்புச் சான்றிதழ்னா குறைஞ்சிருக்கணும். இது வெறுமனே சத்தமில்லாம இருக்கு."

"சத்தமில்லாம இருந்தா போதாதா?"

"போதும்னு எழுதப் படிவத்துல இடமில்லையேம்மா."

பழைய ஒலியை மீண்டும் நிலைநாட்டி, அளவெடுப்புக்கு உட்படுத்தி, அதன்பின் குறைக்குமாறு எழுத்து மூலம் அறிவுறுத்தப்பட்டது. டோரீன் அந்தக் காகிதத்தை இரண்டு தடவை படித்தாள். அக்காவின் ஜன்னலைப் பார்த்தாள். தாங்கியை இறக்கி, தண்டவாளத்தில் கிரீஸ் பூசி, மணலை அள்ளிப் போட்டாள். வாழ்க்கையில் தான் செய்த வேலைக்குத் தானே வெட்கப்பட்டது அன்றைக்குத்தான் என்று லோர்னாவிடம் சொன்னாளாம்.

அறை அலறியது. எண்பத்தொன்று டெசிபல். பிக்கெட் மனநிறைவோடு குறித்துக்கொண்டார். மறுபடி இரண்டு நாள் சுரண்டல். நாற்பத்துநாலு. முப்பத்தேழு குறைவு, பூங்காவின் சாதனை. சான்றிதழும், வாசலில் மாட்ட 'அமைதி இல்லம்' என்ற பித்தளைப் பலகையும் கொடுத்தார்கள். டோரீன் பலகையைச் சூப் பானைக்கு அடியில் வைத்துக்கொண்டாள்.

பலகையை அப்படி அலட்சியம் செய்ய மற்றவர்களுக்கு மனசு வரவில்லை. ஆரம்பம் முதலே சத்தம் போடாத வண்டிக்குப் பலகை கிடையாது. பலகையில்லாத வாசலைப் போகிறவர் வருகிறவர் ஒரு மாதிரியாகப் பார்த்தார்கள். முன்னாள் வங்கி மேலாளர் ஹோலிஸ்தான் முதலில் மணல் அள்ளினார். ஒரே வாரத்தில் ஆளுக்கொரு வாளி. பொழுது விடிந்தால் நூறு அறைகள் அலறின. ஒருவர் அலறல் அடுத்தவர் கணக்கில் ஏறியதால் அளக்க முடியவில்லை. ஒலிமானி சரிபார்ப்புக்கு அனுப்பப்பட்டிருப்பதாகவும், அது திரும்பும்வரை எவரும் தண்டவாளத்தைச் சுத்தம் செய்யலாகாது என்றும் சுற்றறிக்கை வந்தது. அந்தச் சுற்றறிக்கை வந்து நாலு மாதம் ஆகிறது.

லோர்னா நடக்கத் தொடங்கியதும் அக்காவும் தங்கையும் கிளம்பிவிட்டார்கள். டோரீன் அறையை உள்ளே இழுத்தது யாருக்கும் கேட்கவில்லை. போனதே மறுநாள்தான் தெரியும்.

என் வண்டியில் நகரும் அறையே கிடையாது. பலகை வாங்க வழியில்லை. போன செவ்வாய்க்கிழமை அதை விற்றுத் தள்ளிவிட்டு, அறை நகரும் வண்டி ஒன்று வாங்கினேன். எண்பத்தைந்துக்குக் குறையாமல் கத்தும் என்று விற்றவர் எழுதிக் கொடுத்திருக்கிறார்.